ஒற்றைவிதியார் வாய் திறந்த கதை

நெடுந்துறை விகாரத்தில் நாற்பத்தொரு பிக்குகள் இருந்தார்கள். அவர்களில் நாற்பது பேருடைய ஆடைக்குச் சாயம் காய்ச்சியவர் நாற்பத்தொன்றாமவர். பெயர் நந்தகர். பலா மரத்தின் வைரத்தைச் செதில் செதிலாகச் சீவி, மிடாப்பானையில் ஊறப்போட்டு, கோழி கூவும் வேளைக்கு அடுப்பை மூட்டிவிடுவார். சாயம் பதமாகிவிட்டதா என்று தெரிய ஒரு சொட்டை எடுத்து நகத்தின்மேல் விட வேண்டும். வழிந்தோடாமல் நின்றால் துணியை நனைக்கலாம். இருபத்திரண்டு ஆண்டுகள் இப்படிப் பார்த்துப் பார்த்து அவருடைய இடக்கை நகங்கள் துருவேறிய ஆணியின் நிறத்துக்கு வந்திருந்தன. காய்ந்த ஆடைகளை மடித்து ஒவ்வோர் அறை வாசலிலும் வைத்துவிட்டு வருவார். வைத்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பிக்கு பச்சை மரத்தை வெட்டலாகாது. ஆகையால் அடுப்புக்குக் கடற்கரையில் ஒதுங்கும் கட்டைகளைப் பொறுக்கி வருவார். மிடாவைத் துழாவும்போது அவர் வாய் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கும். பிக்குகளுக்கு விதிகள் இருநூற்றுக்கும் மேல். மற்றவர்கள் எல்லாவற்றையும் பாலி மொழியில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நாற்பது வயதுக்கு மேல் மழித்த தலை அவருடையது. ஒரே ஒரு விதிதான் ஏறியது. 'அறிந்து பொய் சொன்னால் குற்றம்.' பாலியில் அது இரண்டே சொல். அதைச் சொல்லித்தான் அவர் புத்தரை வணங்கினார். பூ வைத்தாலும் அதுதான், தரை கூட்டினாலும் அதுதான்.

மற்ற பிக்குகள் அவருக்கு ஒற்றைவிதியார் என்று பெயர் வைத்தார்கள். "ஒற்றைவிதியாரே, இன்னைக்கு எத்தனை விதி ஆச்சு?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "ஒண்ணுதான்" என்பார் அவர். கேட்டது கேலி என்று தெரிந்தாலும், கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிட்டுப் போவார்.

அந்த ஒரு விதி அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. துறவுக்கு முன் அவர் உப்பளத்துக் கூலி. மழைக்காலத்தில் அளம் ஓய்ந்ததும் தோணி ஏறுவார். ஒரு கோடையில் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. பார்க்க வந்த மருத்துவனுக்கு அவள் அன்றைய பொழுதைத் தாண்டமாட்டாள் என்று தெரிந்துவிட்டது. "ஒண்ணுமில்லப்பா, நாளைக்கு எந்திரிச்சிருவா, நீ வேலைக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இவரும் நம்பி அளத்துக்குப் போனார். மாலையில் திரும்பியபோது அவள் தண்ணீர்க் குடத்தை நோக்கிப் பாதி தூரம் ஊர்ந்து வந்து செத்துக் கிடந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. மருத்துவன் ஆறுதலுக்குத்தானே சொன்னான் என்று ஊர் சொன்னது. அந்த ஆறுதலை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. சாந்தமே உருவான அடியார்களைப் பற்றிக் கேட்டுப் பழகியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவர் கோபக்காரர். அந்தக் கோபத்தைத்தான் அவர் புத்தர் திருவடியில் கொண்டுபோய் வைத்தார். வேறு காணிக்கை அவரிடம் இல்லை.

உப்பளத்தானுக்குத் தலை மழிக்க எந்த விகாரமும் முன்வராத நாளில் அவரை ஏற்றுக்கொண்டவர் மகாதேரர் குணசீலர். நெடுந்துறை விகாரத்தின் தலைவர் அவர்தான். அந்த நன்றியில் நந்தகர் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் சொன்ன ஒரு சொல்லையும் தட்டியதில்லை. தேரருக்கு இனிமையான குரல், ஆழ்ந்த படிப்பு. அவருக்கு ஞானக்கண் உண்டு, கடலுக்கு அப்பால் நடப்பதும் தெரியும் என்று ஊர் நம்பியது. உண்டு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். பிக்குவை அமுதுக்கு அழைத்தால் அவர் 'வருகிறேன்' என்று சொல்லமாட்டார். பேசாமல் இருப்பார். பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அழைத்தவர் வணங்கிவிட்டு அரிசியைக் களையப் போவார். மறுக்கும்போது மட்டும்தான் பிக்கு வாய் திறப்பார். நெடுந்துறையில் பால் மறவாத பிள்ளைக்கும் இது தெரியும். இந்த நல்ல வழக்கத்தை வைத்துக்கொண்டுதான் அந்த ஆண்டு மார்கழியில் ஒரு பாவம் நடந்தது.

இலங்கைக்குப் போன கப்பல் ஒன்று திரும்ப வேண்டிய நாளில் திரும்பவில்லை. பத்தொன்பது பேர் அதில் இருந்தார்கள், எல்லாரும் படகுத் தெரு ஆட்கள். வளர்பிறை ஐந்தாம் நாள் கடலில் பெரும் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. பத்தாம் நாள் அவர்கள் வீட்டுப் பெண்கள் கூட்டமாக விகாரத்துக்கு வந்து தேரர் காலில் விழுந்தார்கள். கப்பலை ஓட்டிய மீகாமன் தித்தனுடைய மனைவி கொற்றிதான் கேட்டாள்.

"சாமி, எங்க ஆளுங்க உசுரோட இருக்காங்களா? பௌர்ணமிக்குள்ள வந்துருவாங்களா? ஒங்க கண்ணுக்குத் தெரியுமே, சொல்லுங்க சாமி."

தேரர் கண்களை மூடினார். மெல்லப் புன்னகை செய்தார். பேசவில்லை.

பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். தேடப் புறப்படுவதற்காகப் பாய் கட்டி நிறுத்தியிருந்த மூன்று தோணிகளின் பாயையும் அன்று மாலையே அவிழ்த்துவிட்டார்கள். சாமியே பார்த்துவிட்டார், இனி எதற்குத் தேட வேண்டும்? மேலும் பௌர்ணமி அன்று புதிய தாதுகோபத்தில் புத்தரின் திருவெலும்பாகிய தாதுவை வைத்து மூடும் விழா. சுற்றியிருக்கிற ஊர்ப் பெரியவர்களை எல்லாம் அழைத்துவரத் தோணிகள் தேவைப்பட்டன.

பதினோராம் நாள் காலையில் கட்டை பொறுக்கப் போன நந்தகர் கரையில் ஒரு பலகையைக் கண்டார். கப்பற்பலகை. தென்னங்கயிற்றால் தைத்த தையல் பாதி அறுந்து தொங்கியது. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். ஓரம் சிம்பு சிம்பாகப் பிளக்கவில்லை; ராவியதுபோல் மழுங்கி இருந்தது. தையல் துளைகளில் நொறுங்கிய சிப்பி அடைந்திருந்தது. தோணி ஏறிய மனிதருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? கப்பல் நடுக்கடலில் மூழ்கவில்லை. மணல் திட்டில் ஏறி உடைந்திருக்கிறது. திட்டில் ஏறிய கப்பலின் ஆட்கள் நடந்தே திட்டின்மேல் ஏறிவிடலாம். ஆனால் அந்தத் திட்டுகளில் குடிக்கத் தண்ணீர் கிடையாது.

பலகையைத் தூக்கிக்கொண்டு தேரரிடம் ஓடினார்.

"அடிகளே, கப்பலு திட்டுல மோதி ஒடஞ்சிருக்கு. ஆளுங்க உசுரோட கெடப்பாங்க. தென்கிழக்க திட்டு இருபது முப்பது இருக்கும். இன்னைக்கே தோணி விட்டா ரெண்டரை நாள்ல பாத்துறலாம். தண்ணியில்லாம எத்தினி நாளு தாங்குவாங்க?"

தேரர் பலகையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். முதல் நாள் மாலைதான் அவர் புன்னகை செய்திருந்தார். இன்று இந்தப் பலகையை ஊர் பார்த்தால் அந்தப் புன்னகைக்கு என்ன பதில் சொல்வது? நாலு நாளில் விழா. ஊரே ஒப்பாரி வைத்தால் விழா ஏது?

"நந்தகரே, இதை அடுப்பில் வையும். விழா முடியும்வரை இதைப் பற்றிப் பேச வேண்டாம்."

"அடிகளே, அது பொய்யாயிருமே. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு விதிதான்."

"பொய் சொல்லச் சொன்னேனா? பேசாமல் இரும் என்றுதானே சொன்னேன். வாய் திறந்தால்தான் பொய். மௌனம் துறவிக்கு அழகு."

நந்தகர் தலை கவிழ்ந்து திரும்பினார். சாத்திரம் படித்தவர் சொல்கிறார். சாயம் காய்ச்சுகிறவனுக்கு என்ன தெரியும்? ஆனாலும் பலகையை அடுப்பில் வைக்கக் கை வரவில்லை. பலாச் செதில் குவியலுக்குள் புதைத்து வைத்தார். அன்று சாயம் தீய்ந்துபோனது.

மறுநாள் காலையில் பிச்சைக்குப் போனபோது கொற்றி வாசலில் காத்திருந்தாள். புருஷன் வரப்போகிற மகிழ்ச்சியில் கைநிறையச் சோறும் வறுத்த மீனும் வைத்திருந்தாள்.

"சாமி, நீங்கதான் கடக்கரையிலேயே கெடக்குறிய. கடலு இப்ப நல்லாத்தானே இருக்கு? அவுங்க வந்துருவாங்கதானே?"

நந்தகர் பேசாமல் நின்றார். கொற்றி அந்த மௌனத்தையும் வாங்கிக்கொண்டாள். இன்னொரு பிடி சோறு போட்டாள். பதின்மூன்றாம் நாளும் அப்படியே. பதினான்காம் நாளும். பௌர்ணமி காலையிலும் அப்படியே. நான்கு நாள் அந்தச் சோற்றைத் தின்றார் அவர். தின்றார் என்றா சொல்வது, விழுங்கினார். ஒவ்வொரு கவளத்துக்கும் திட்டு நினைவுக்கு வந்தது.

பௌர்ணமி நடுப்பகலில், விழாவுக்கு முன், பிக்குகள் அனைவரும் உபோசத மண்டபத்தில் கூடினார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு விதிகளை ஓதுவார்கள். இல்லறத்தார் யாரும் உள்ளே வரக்கூடாது. எப்போதும்போல் அன்றும் தேரரே ஓதினார். குரல் மணிபோல் இருந்தது. நந்தகருக்குப் பாலி புரியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் அந்த ஓதலில் தம்முடைய இரண்டு சொல் வரும் இடத்துக்காகவே காத்திருப்பார். அது நடுவில்தான் வரும்.

அன்று அந்தச் சொல் தொடக்கத்திலேயே காதில் விழுந்தது. எப்போதும் விழுந்ததுதான், அன்றுதான் நெஞ்சில் குத்தியது. பக்கத்தில் இருந்த உத்தியர் என்ற பிக்குவின் பக்கம் குனிந்தார்.

"உத்தியரே, என் விதி இங்க எப்படி வந்துச்சு? இப்பத்தானே தொடங்குறாரு?"

"இத்தனை வருஷமாக் கேக்குறிய, இது தெரியாதா? குத்தம் உள்ளவங்க சொல்லுங்க, இல்லாதவங்க பேசாம இருங்கன்னு மூணு தரம் கேப்பாரு. குத்தம் இருந்து, அது நெனப்பிலயும் இருந்து, பேசாம இருந்துட்டா அந்த மௌனமே அறிஞ்சு சொன்ன பொய்யி. அதத்தான் சொல்றாரு."

நந்தகருக்கு உடம்பு முழுக்கத் தீப்பற்றியது. மௌனமே பொய். அவருக்கு மிகவும் பிடித்த விதி, இருபத்திரண்டு வருடம் வாயில் வைத்துச் சுவைத்த விதி, அவரைத்தான் சுட்டிக்கொண்டிருந்தது. முதலில் தம்மீதுதான் கோபம் வந்தது. பிறகு நிமிர்ந்து ஆசனத்தைப் பார்த்தார். இதை ஒவ்வோர் அரைமாதமும் ஓதுகிறவர் அவர்தான்! பொருள் தெரிந்து ஓதுகிறவர்! வாய் திறந்தால்தான் பொய் என்று யாரிடம் சொன்னார்? பாலி தெரியாதவனிடம் சொன்னார். பாலி தெரியாது என்பதால் சொன்னார்.

தேரர் முதல் முறை கேட்டார். மண்டபம் மௌனமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டு முடிப்பதற்குள் நந்தகர் எழுந்துவிட்டார்.

"எனக்குக் குத்தம் இருக்கு. பதினோராம் நாளு கரையில கப்பப்பலகை ஒதுங்குச்சு. கப்பலு திட்டுல கெடக்குன்னு எனக்குத் தெரியும். கொற்றிங்கற பொண்ணு நாலு நாளா என்னைக் கேட்டுச்சு. நான் பேசாம நின்னேன். அது ஆமான்னு எடுத்துக்கிச்சு. நான் பொய் சொன்னேன்."

"நந்தகரே, உட்காரும்" என்றார் தேரர். "சபையின் தூய்மையைக் குலைக்காதீர்."

"தூய்மையா? அங்க தண்ணியில்லாம மனுசன் சாவுறான் அடிகளே! மறைக்கச் சொன்னது நீங்க. நானு என் குத்தத்தச் சொல்லிட்டேன். ஒங்களுது ஒங்ககிட்ட இருக்கு."

முப்பத்தொன்பது பேர் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அவர் காய்ச்சிய சாயத்தில் நனைந்த ஆடையைத்தான் உடுத்தியிருந்தார்கள். ஒருவராவது எழுந்து பலகை எங்கே என்று கேட்டாரா? கேட்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். இருநூறு விதியை மனப்பாடம் செய்த நாக்குகள் அன்று எங்கே போயிருந்தன?

"இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வர உமக்கு இடமில்லை" என்றார் தேரர். இப்போது அந்தக் குரலில் இனிமை இல்லை.

நந்தகர் மும்முறை புத்தரை வணங்கினார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

பலாச் செதிலுக்குள்ளிருந்து பலகையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு படகுத் தெருவுக்குள் நுழைந்தபோது அங்கே தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அவர் நடுத்தெருவில் பலகையைப் போட்டார். நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் விடவில்லை; நாலு நாள் மறைத்ததையும் சொன்னார், மறைக்கச் சொன்னவர் யார் என்பதையும் சொன்னார்.

யார் நம்புவார்கள்? துறைத் தலைவர் பூதனார் முன்னால் வந்தார். "மகாதேரருக்குத் தெரியாதது, சாயப்பானை கிண்டுற ஒமக்குத் தெரிஞ்சுபோச்சா? விகாரத்துல சண்டை போட்டுட்டு வந்து எங்க தலையில கல்லப் போடுறிய. நல்ல நாளும் அதுவுமா எழவு சொல்ல வந்துட்டிய!" கப்பலில் மகனை அனுப்பியிருந்த ஒரு கிழவி மண்ணை வாரி அவர் முகத்தில் வீசினாள். "ஒன் நாக்கு அழுவிப் போவ!" என்று சபித்தாள். யாரோ எறிந்த கல் அவர் நெற்றியைப் பிளந்தது. அவர் நகரவில்லை. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "பலகையப் பாருங்கய்யா, என்னைப் பாக்க வேண்டாம்" என்றார்.

கொற்றி ஒருத்திதான் பலகை பக்கத்தில் உட்கார்ந்தாள். தொங்கிய கயிற்றை எடுத்து விரலால் உருட்டினாள். அவள் இடக்கைக்காரி, அவள் திரித்த கயிறு மற்றவர்கள் திரிக்கும் கயிற்றுக்கு எதிர்ப்பக்கமாக முறுக்கேறியிருக்கும். அந்தத் தெருவில் வேறு யாரும் அப்படித் திரிப்பதில்லை.

"இது நான் திரிச்ச கயிறு" என்றாள். மேளம் நின்றது. அவள் எழுந்து நந்தகர் முன்னால் வந்து நின்றாள். "எத்தினி நாளாச்சு இது கெடச்சு?"

"நாலு நாளு."

"நாலு நாளா என் கையால சோறு வாங்கித் தின்னியே! தொண்டையில எறங்குச்சா?"

"எறங்கல தாயி."

அவள் ஓங்கி அறைந்தாள். பிக்குவை ஒரு பெண் அறைந்தது நெடுந்துறையில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவள் தம்பி ஆதன் பக்கம் திரும்பி, "தோணிய எறக்குடா" என்றாள். நந்தகரைப் பார்த்து, "நீயும் ஏறு" என்றாள்.

பிக்கு ஒரு பெண்ணோடு சேர்ந்து பயணம் புறப்படுவதும் குற்றம்தான். அதைத் திரும்பி வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் ஏறிவிட்டார். தண்ணீர்க் குடங்களையும் அவல் மூட்டையையும் ஏற்றினார்கள். கரையில் ஒருவரும் உதவிக்கு வரவில்லை. சிலர் சிரித்தார்கள். ஒருவன், "ஒற்றைவிதியாரு கப்பல் தேடப் போறாரு" என்று பாட்டாகவே பாடினான்.

இரண்டு நாள் தேடினார்கள். ஒவ்வொரு திட்டிலும் இறங்கிக் கூவினார்கள். பறவைகள்தான் எழுந்து பறந்தன. துடுப்புப் பிடித்து நந்தகரின் உள்ளங்கை உரிந்தது. கொற்றி அவரோடு ஒரு சொல் பேசவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும்போது ஆதன் துடுப்பை மடியில் வைத்துவிட்டான்.

"அக்கா, தண்ணியில பாதி போயிருச்சு. காத்தும் எதுக்க நிக்குது. இதுக்கு மேல போனா நம்மளும் திரும்ப முடியாது."

நந்தகர் தோணியின் முனையில் எழுந்து நின்றார். நல்லவர்களைக் கடலில் காக்க ஒரு தெய்வம் உண்டு என்று அந்தக் கரையில் பௌத்தர்கள் நம்புவார்கள். அந்தத் தெய்வத்தைத்தான் அவர் கூப்பிட்டார். கும்பிடுகிற குரல் இல்லை அது, சண்டைக்குக் கூப்பிடுகிற குரல்.

"கடலு காக்குற தாயே! நானு மறைச்சேன். மறைச்சத எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனி எங்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. இது சத்தியம். இந்தச் சத்தியத்துக்கு நீ வழி காட்டு. இனியும் நீ மறைச்சா அது ஒன் குத்தம்!"

எதிர்க்காற்று நின்றது. சற்று நேரம் பாய் தொங்கியது. பிறகு பின்னாலிருந்து ஒரு காற்று வந்து பாயை நிறைத்தது. மார்கழியில் அந்தத் திசையிலிருந்து காற்று வீசியதே இல்லை என்று ஆதன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் துடுப்புப் போடவில்லை. விடிந்தபோது தோணி ஒரு திட்டில் போய் மெல்லத் தட்டி நின்றது.

திட்டின்மேல் உடைந்த கப்பலின் பாய்த்துணியைக் கட்டி அதன் நிழலில் ஒன்பது பேர் கிடந்தார்கள். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு கிடந்தார்கள். பக்கத்தில் மணலில் ஆறு குழிமேடுகள் இருந்தன. மற்ற நாலு பேரைக் கப்பல் உடைந்த அன்றே கடல் கொண்டுபோயிருந்தது.

கொற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒன்பதாவது முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கீரனார் என்ற முதிய மாலுமி எழுந்து உட்கார்ந்து, கடைசி மேட்டைக் கையால் காட்டினார்.

"தித்தன் அதுல இருக்கான் தாயி. தன் பங்குத் தண்ணிய எல்லாருக்கும் ஊத்திட்டான். பௌர்ணமிக்கு மொத நாளு சாயங்காலம் போய்ட்டான்."

பௌர்ணமிக்கு முதல் நாள். நந்தகர் விரல் விட்டு எண்ணினார். பதினோராம் நாள் உச்சிக்குத் தோணி விட்டிருந்தால் பதினான்காம் நாள் விடியலில் இங்கே வந்திருக்கலாம். கடைசி மூன்று மேடுகளைப் பற்றியும் கேட்டார். ஒருவர் பதின்மூன்றாம் நாள், இருவர் பதினான்காம் நாள் பகலிலும் மாலையிலும். முதலாமவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. மற்ற இருவரையும் காப்பாற்றியிருக்கலாம். அந்தக் கணக்கில் அவர் தமக்கு ஒரு சலுகையும் கொடுத்துக்கொள்ளவில்லை.

"பெறகு நீங்க எப்படித் தாங்குனிய?" என்று ஆதன் கேட்டான். "அன்னையிலேருந்து நாலு நாளு ஆச்சே."

கீரனார் நந்தகரின் காவி ஆடையை அப்போதுதான் கவனித்தார். அவர் கண்ணில் நீர் வந்தது.

"பௌர்ணமி அன்னைக்கு மத்தியானம் ஒரு பொம்பள கடலு மேல நடந்து வந்தா. இடுப்புல தண்ணிக் கொடம். எல்லாரு வாயிலயும் ஊத்துனா. ஊத்த ஊத்தக் கொடம் கொறையல. 'யாரும்மா நீ, இப்பத்தான் வர வழி தெரிஞ்சுச்சா'ன்னு நான் கோவமாத்தான் கேட்டேன். 'நாலு நாளா இந்தக் கொடத்தோட அந்தப் பக்கமே நிக்கிறேன்'னா. 'ஒங்களப் பத்தித் தெரிஞ்சவங்க கரையில பேசாம இருந்தாங்க. அவங்க வாயி மூடியிருந்த வரைக்கும் எனக்கு வழி மூடியிருந்துச்சு. இப்ப ஒரு பிக்கு எந்திரிச்சு வாயத் தொறந்தாரு, நான் வந்துட்டேன்'னா. நாங்க செத்துருவோமோன்னு கேட்டதுக்கு, 'அவரு வந்துக்கிட்டு இருக்காரு'ன்னுட்டுப் போய்ட்டா. அதுக்கப்பறம் இங்க யாரும் சாவல."

நந்தகர் மகிழவில்லை. அவர் தித்தனின் மேட்டருகே போனார். அங்கே கொற்றி உட்கார்ந்திருந்தாள். பிக்கு தம் குற்றத்தை இன்னொரு பிக்குவிடம் குந்தி அமர்ந்து, கைகூப்பிச் சொல்ல வேண்டும் என்பது முறை. அவர் அந்தப் பெண்ணின் முன்னால் அப்படிக் குந்தி அமர்ந்தார். கைகூப்பினார்.

"தாயி, நாலு நாளு நான் பொய் சொன்னேன். ஒன் புருசன் அதுல செத்தாரு. இத நான் மறைக்க மாட்டேன், கொறைச்சும் சொல்ல மாட்டேன்."

கொற்றி மேட்டின் மணலைக் கையால் நிரவிவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் ஒன்ன மன்னிக்க மாட்டேன் சாமி" என்றாள். "சாவுற வரைக்கும் மாட்டேன். ஆனா இனிமே இந்த ஒலகத்துல யாரு என்ன சொன்னாலும், நீ வந்து சொன்னாத்தான் நம்புவேன்."

பிறகு எழுந்து, கிடந்தவர்களைத் தோணியில் ஏற்றுவதற்குக் கைகொடுத்தாள்.

ஒன்பது பேரும் நெடுந்துறையில் இறங்கியபோது ஊரே கரையில் நின்றது. விழா முடிந்து வாடிய தோரணம் இன்னும் கட்டியபடியே இருந்தது. மகாதேரரும் வந்திருந்தார். கீரனார் சொன்னதை எல்லாம் கேட்டபின் துறைத் தலைவர் பூதனார் தேரர் முன்னால் போய் நின்றார்.

"சாமி, பலகை வந்தது ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

தேரர் வாய் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் நெடுந்துறையில் பிக்குவின் மௌனத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். ஊர் அதை எடுத்துக்கொண்டது. படகுத் தெருக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பெரிய வீடுகள் அதற்குப் பிறகும் அவருக்கு அமுது படைத்துக்கொண்டுதான் இருந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். தாதுகோபத்துக் கல்லில் அவர் பெயர்தான் வெட்டியிருந்தார்கள். கல்லுக்கு வெட்கம் கிடையாது.

விகாரம் நந்தகரைத் திரும்ப அழைத்தது. உத்தியரும் இன்னும் சிலரும் வந்து, மண்டபத்தில் எழாமல் இருந்ததற்காக அவர் முன்னால் குந்தி அமர்ந்து குற்றம் சொல்லிக்கொண்டார்கள். அவர் ஏற்றுக்கொண்டார்; மறுபடியும் மிடாவை அடுப்பில் ஏற்றினார். ஆனால் அன்றுமுதல் கப்பல் வரப் பிந்தினால் பெண்கள் தேரரின் ஆசனத்தைத் தேடிப் போகவில்லை, சாயக் கொட்டகைக்கு வந்தார்கள். "வருவாங்களா சாமி?" என்று கேட்பார்கள். "தெரியாது தாயி, தோணி விடுங்க" என்பார் அவர். அந்தத் 'தெரியாது' என்ற சொல்லைக் கேட்டதும் தோணிகள் புறப்பட்டுவிடும். அதை நம்பிக் கடலுக்குப் போனவர்கள் பலபேரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

இனிமையாகப் பேசிய வாய்களை உலகம் நிறையப் பார்த்துவிட்டது. தெய்வம் தண்ணீர்க் குடத்தோடு நாலு நாள் காத்து நின்றது இந்தக் கோபக்காரருடைய வாய்க்காகத்தான். அது திறந்தது. அந்த வாய் வாழ்க.